கார் டிஸ்க் பிரேக்ல உள் பேட் தகடு வரைக்கும் தேஞ்சிருச்சு, வெளி பேட் பாதிக்கு மேல அப்படியே இருக்கு, ஏன்?

மார்ச் 3, இரவு 9:15

வந்த கேள்வி இது: "முன் இடது வீல்ல கர்ருன்னு சத்தம். கழட்டிப் பாத்தா உள் பேட்ல மெட்டீரியலே இல்ல, இரும்புத் தகடு டிஸ்க்ல உரசிட்டு இருக்கு. அதே வீல்ல வெளி பேட் பாதிக்கு மேல இருக்கு. வலது வீல்ல ரெண்டு பேடும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மெக்கானிக் கேட்டா உள் பேட் சீக்கிரம் தேயறது சகஜம், செட்டா மாத்திட்டா போதும்ங்கிறார். மாத்திட்டு ஓட்டலாமா?"

மார்ச் 3, இரவு 10:40

ஓட்டாதீங்க. உள் பேட் கொஞ்சம் கூடுதலா தேயும்ங்கிறது உண்மைதான், ஆனா அந்தக் கொஞ்சம்ங்கிறது 2 மி.மீ, மிஞ்சினா 3 மி.மீ. புது பேட்ல மெட்டீரியல் 10லருந்து 12 மி.மீ வரைக்கும் இருக்கும். ஒண்ணு பூஜ்யத்துக்கு வந்து இன்னொண்ணு பாதிக்கு மேல நிக்குதுன்னா அது சகஜம் இல்ல, அந்த வீல்ல ஏதோ ஒண்ணு நகர வேண்டிய இடத்துல நகராம நிக்குது. அதைக் கண்டுபிடிக்காம புது செட் போட்டா புது உள் பேடும் அதே கதிதான், அதுவும் சத்தம் வர்ற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. ஏன்னா வீல் ஓட்டை வழியா எட்டிப் பாத்தா தெரியறது வெளி பேட் மட்டும்தான். நல்லா தடிமனா இருக்கு, இன்னும் ரொம்ப நாள் வரும்னு நெனச்சு விட்டுடுவோம், உள்ள ஒண்ணு செத்துக்கிட்டு இருக்கும்.

எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தடவை சொல்லிடறேன், மிச்சம் எல்லாம் இதுலருந்துதான் வரும். பேட் ரெண்டையும் டிஸ்க் மேல அழுத்துற கவ்விதான் காலிப்பர். பெரும்பாலான கார்ல முன்னாடி இருக்கிறது மிதக்குற காலிப்பர். பிஸ்டன் ஒரே பக்கம், உள் பக்கம் மட்டும். பிரேக் மிதிச்சா பிஸ்டன் உள் பேடை டிஸ்க் மேல தள்ளும், அதோட எதிர்விசையில காலிப்பர் மொத்தமும் ரெண்டு கைடு பின் மேல வழுக்கி உள்பக்கமா நகர்ந்து வெளி பேடை இழுத்துட்டு வந்து டிஸ்க்ல அழுத்தும். ஆக உள் பேடுக்கு நேரடித் தள்ளு, வெளி பேடுக்கு காலிப்பர் நகர்ந்தாதான் அழுத்தம். காலிப்பர் நகரலைன்னா உள் பேட் தனியா பாரத்தை சுமக்கும். இதுதான் முதல் சந்தேகம்.

மார்ச் 3, இரவு 10:52

பழைய பேடைத் தூக்கிப் போட்டுடாதீங்க!! மெக்கானிக்கிட்ட இருந்தா போய் வாங்கிட்டு வாங்க. எது உள், எது வெளி, எந்த முனை மேல இருந்துச்சுன்னு மார்க்கர்ல எழுதி வைங்க. அந்த நாலு துண்டும்தான் உங்க கையில இருக்கிற சாட்சி.

மார்ச் 4, காலை 7:30

கைடு பின்னைப் பாக்குறது எப்படின்னு கேட்டிருக்கீங்க. காரை ஜாக்கியில மட்டும் நிறுத்திட்டு வேலை பாக்காதீங்க, ஸ்டாண்டு வைங்க, மத்த வீலுக்குக் கட்டை கொடுங்க. காலிப்பர் போல்ட் ரெண்டையும் கழட்டி காலிப்பரைத் தூக்கி கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டி விடுங்க, ஹோஸ்ல தொங்க விடாதீங்க, அந்த எடை தாங்குறதுக்கு ஹோஸ் செய்யலை. இப்ப காலிப்பரையும் பேடையும் தாங்குற பிராக்கெட்ல ரெண்டு பின் நிக்கும், அதைச் சுத்தி ரப்பர் பூட் இருக்கும். விரலால பிடிச்சு உள்ள தள்ளுங்க, வெளிய இழுங்க. நல்ல பின்னா இருந்தா ரெண்டு விரலுக்கு வழவழன்னு வரும்.

போன தடவை நான் கழட்டின கார்ல மேல் பின் அப்படித்தான் வந்துச்சு. கீழ் பின்னை இடுக்கியால சுத்திச் சுத்தி இழுக்க வேண்டி வந்துச்சு. வெளிய வந்ததும் பாத்தா பூட்டோட மடிப்புல நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல், அந்த இடத்துக்கு நேரா பின் மேல மோதிரம் போட்ட மாதிரி துரு வளையம், கிரீஸ் இருந்த இடத்துல காப்பிப்பொடி கலர்ல காஞ்ச பொடி. மத்த இடமெல்லாம் பளபளன்னு இருக்கு. அந்த ஒரு வளையம் போதும், காலிப்பர் அங்க வந்து நின்னுக்கும். பூட்டைத் தொட்டுப் பாத்தா மட்டும் தெரியாது, மடிப்பை விரிச்சுப் பாக்கணும்.

மார்ச் 4, மாலை 6:10

கிரீஸ்னா எல்லாம் ஒண்ணுதான், வீல் பேரிங் கிரீஸ் இருக்கு அதையே பின்னுக்குப் போட்டுட்டேன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். தயவுசெஞ்சு எடுத்துடுங்க. பூட், சீல், பின் முனையில இருக்கிற குட்டி ரப்பர் ஸ்லீவ், இதெல்லாம் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டா அந்த ரப்பர் ஊதும். ஊதின ஸ்லீவ் ஓட்டைக்குள்ள பின்னை இறுக்கிப் பிடிச்சுக்கும், இறுக்கத்தைப் போக்கப் போட்ட கிரீஸே இறுக்கத்துக்குக் காரணமாயிடும். பிரேக்குக்குன்னே வர்ற சிலிக்கான் கிரீஸ் போடுங்க, ரப்பருக்கு ஒத்துக்கும்னு டியூப் மேலயே எழுதியிருக்கும். என்ஜின் ஆயில், துரு விடுவிக்கிற ஸ்பிரே இதெல்லாம் ரப்பர் பக்கமே வரக் கூடாது. சுத்தம் பண்றதுக்கு பிரேக் கிளீனர் இருக்கு.

இன்னொண்ணு, ரெண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்கும்னு நெனச்சு இடம் மாத்திப் போடாதீங்க. நிறைய கார்ல ஒரு பின்ல மட்டும்தான் ரப்பர் ஸ்லீவ் இருக்கும், அது மேலயா கீழயான்னு மாடலுக்கு மாடல் மாறும். கழட்டும்போதே போட்டோ எடுத்துக்கோங்க.

மார்ச் 5, காலை 6:50

பின் பிடிச்சா உள் பேட் தேயும்னு முதல்ல சொன்னேன். இன்னும் பிரிச்சுச் சொல்லணும்னு தோணுது, ஏன்னா ஒருத்தர் "எனக்கு வெளி பேட்தான் தேஞ்சிருக்கு, அப்ப பின் நல்லாருக்கா"ன்னு கேட்டிருக்கார். இல்லங்க. பின் ஒரேயடியா இறுகிப் போச்சுன்னா காலிப்பர் நகரவே நகராது, உள் பேட் தேயும். பாதி இறுகி இருந்தா கதை வேற. கால் வச்சு மிதிக்கிற அழுத்தம் ரொம்பப் பெருசு, அந்தப் பலத்துல காலிப்பர் எப்படியோ நகர்ந்து வெளி பேடைக் கொண்டு வந்து அழுத்திடும். ஆனா காலை எடுத்ததும் திரும்பிப் போறதுக்கு அந்த பலம் கிடையாது. பிஸ்டன் சீல் கொஞ்சம் பின்னாடி இழுக்கும், டிஸ்க் சுத்தும்போது லேசாத் தட்டி விடும், அவ்வளவுதான். பின் வழுக்கலைன்னா வெளி பேட் டிஸ்கோடயே ஒட்டிக்கிட்டு ஓடும், ஓட ஓடத் தேயும். அதனால வெளி பேட் தேஞ்சா அதுக்கும் பின்தான் முதல் சந்தேகம். உள் பேட் தேஞ்சாதான் சந்தேகப் பட்டியல் நீளம்: பின், பிஸ்டன், பேட் உக்கார்ற இடம்.

மார்ச் 5, இரவு 8:20

கேள்வி கேட்டவர் ரெண்டு பின்னும் ஃப்ரீயா இருக்குன்னு எழுதியிருக்கார். எப்படிப் பாத்தீங்க? உள்ள முழுசா தள்ளிட்டுக் கையை எடுத்தப்ப பின் தானா வெளிய வந்துச்சா? அப்படி வந்தா ஓட்டைக்குள்ள கிரீஸை நிரப்பி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அடியில காத்தும் கிரீஸும் போக வழியில்லாம மாட்டிக்கிட்டு பின்னை வெளிய தள்ளும். கிரீஸ் பின் மேல மெல்லிசாப் பூசினாப் போதும், ஓட்டைய ரொப்பக் கூடாது. பின்னைப் போட்டதும் பூட்டோட உதட்டை லேசாத் தூக்கி உள்ள இருக்கிற காத்தை விட்டுட்டு மூடுங்க.

மார்ச் 5, இரவு 9:45

தானா வரலை, நின்ன இடத்துல நிக்குதுங்கிறார். சரி, பின்னை விட்டுடலாம்.

மார்ச் 6, காலை 7:15

அடுத்து பிஸ்டன். பலரும் பிஸ்டனைப் பின்னாடி இழுக்க உள்ள ஸ்பிரிங் இருக்குன்னு நெனைக்கிறாங்க. கிடையாது. பிஸ்டனைச் சுத்தி சதுர வெட்டு உள்ள ரப்பர் சீல் ஒண்ணு இருக்கு. பிஸ்டன் முன்னாடி போகும்போது அந்த சீல் கூடவே கொஞ்சம் முறுக்கிக்கும், அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்கு வரும்போது பிஸ்டனையும் கூட இழுத்துட்டு வரும். இழுக்குற தூரம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த மயிரிழை இடைவெளியிலதான் வீல் ஃப்ரீயா சுத்துது! சீல் கெட்டிப்பட்டுப் போனாலோ பிஸ்டன் மேல துருப் புள்ளி வந்தாலோ அந்த இழுப்பு நின்னுடும், உள் பேட் டிஸ்க்லயே சாஞ்சு நிக்கும்.

துரு ரெண்டு வழியா வரும். வெளிலருந்து வந்தா பிஸ்டன் முகத்துல இருக்கிற தூசி பூட் கிழிஞ்சு தண்ணி இறங்கியிருக்கும். உள்ளருந்து வந்தா பிரேக் ஆயில்ல இருக்கிற ஈரம். நாம போடுற டாட் 3, டாட் 4 எல்லாம் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற வகை. டாட் 4க்கு புதுசுல கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும், ஈரம் ஏறின நிலையில 155 இருந்தாலே தரத்துக்குப் போதும்னு வச்சிருக்காங்க, அந்த அளவுக்கு ஈரம் ஏறும்னு அவங்களுக்கே தெரியும். ஈரம் ஏறின ஆயில் காலிப்பர் உள்ளயே வருஷக்கணக்கா கிடந்தா பிஸ்டன் என்னாகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றது சும்மா இல்ல.

சோதனை: பழைய பேட் ஒண்ணை பிஸ்டன் முகத்துல வச்சு சி கிளாம்ப் போட்டு மெதுவா உள்ள தள்ளுங்க. ஒரே சீரா போகணும். தட்டித் தட்டிப் போனாலோ, ஒரு பக்கமா சாஞ்சு போனாலோ, கிளாம்ப் பிடியை முழு பலத்தோட திருப்ப வேண்டியிருந்தாலோ பிஸ்டன் சரியில்ல. தள்ளும்போது மேல ஆயில் டப்பாவைப் பாத்துக்கோங்க, மட்டம் ஏறும், வழிஞ்சா பெயின்ட்டை உரிச்சுடும். முடிஞ்சு எல்லாம் மாட்டினதும் வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி பெடலை மிதிச்சு மிதிச்சு கெட்டிப்படுத்துங்க. இதை மறந்துட்டு ரிவர்ஸ் எடுத்தா முதல் மிதிக்கு பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது.

மார்ச் 6, இரவு 10:05

பிஸ்டன் சீராப் போகுதாம், பூட்டும் கிழியலையாம். ஆனா எல்லாத்தையும் திரும்ப மாட்டி ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து தூக்கிப் பாத்தா இடது வீல் கையால சுத்தினா அரைச் சுத்துலயே நின்னுடுது, வலது வீல் நல்லா சுத்துது. ஆக இப்பவும் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கு.

நாளைக்கு இதைப் பண்ணுங்க. வீல் பிடிச்ச நிலையில இருக்கும்போதே காலிப்பர் பிளீடர்ல, அதான் ஆயிலையும் காத்தையும் வெளிய விடுற சின்னத் திருகுல, ஒரு டியூப்பை மாட்டி மறு முனையை பாட்டில்ல விட்டு பிளீடரைக் கால் சுத்து திறங்க. பெடல்ல யாரும் கால் வைக்கக் கூடாது. திறந்த உடனே ஆயில் சுர்ருனு வந்து வீல் ஃப்ரீயாச்சுன்னா அழுத்தம் உள்ள மாட்டிக்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம். திறந்தும் பிடி விடலைன்னா ஆயில் பக்கம் குத்தமில்ல, இரும்பு எங்கயோ இரும்பைப் பிடிச்சிருக்கு. காசே ஆகாத சோதனை, ஆனா பாதிப் பட்டியலை ஒரே திருப்புல அடிச்சுடும். பிளீடரை மூடினதும் பெடல் தொளதொளன்னு இருந்தா காத்து போயிருக்கு, பிளீட் பண்ணாம ரோட்டுக்கு எடுக்காதீங்க.

மார்ச் 7, காலை 8:00

இடையில ஒருத்தர் அழுத்தம் மாட்டிக்கிட்டா அடுத்து என்னன்னு கேட்டிருக்கார், அவருக்கு முன் ரெண்டு வீலுமே சூடாகுதாம். ஒரே வீல்னா ரப்பர் ஹோஸைப் பாருங்க. வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்சுவர் உப்பியோ பிரிஞ்சோ வால்வு மாதிரி அடைச்சுக்கும். மிதிக்கிற பலத்துல ஆயில் உள்ள போயிடும், திரும்பி வர வழி இருக்காது. ஹோஸ்தானான்னு உறுதிப்படுத்த, ஹோஸும் இரும்புக் குழாயும் சேர்ற இடத்தை லேசா லூஸ் பண்ணுங்க. அங்க லூஸ் பண்ணியும் வீல் பிடி விடலை, ஆனா பிளீடர் திறந்தா விடுதுன்னா நடுவுல இருக்கிற ஹோஸ்தான்.

ரெண்டு வீலும் பிடிச்சா காலிப்பரை நோண்டுறதுக்கு முன்னாடி மேல போங்க: பெடலை மிதிச்சா ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டர், அதைத் தள்ளுற ராடு. ராடுக்குக் கொஞ்சம் விளையாட்டு இல்லைன்னா பெடலை விட்டாலும் ஆயில் டப்பாவுக்குத் திரும்புற துளை மூடியே இருக்கும். இன்னொரு விஷயம், முன் சக்கரத்தை ஓட்டுற கார்கள்ல பெரும்பாலும் குழாய் குறுக்கா பிரிச்சிருப்பாங்க, முன் இடதும் பின் வலதும் ஒரு சர்க்யூட், முன் வலதும் பின் இடதும் இன்னொண்ணு. அதனால முன் இடது சூடானா பின் வலதையும் தொடாம கிட்டக் கை வச்சுப் பாருங்க. ரெண்டும் சேர்ந்து சூடுன்னா விஷயம் வீல்ல இல்ல.

மார்ச் 8, மதியம் 1:30

கேள்வி கேட்டவர் பிளீடர் திறந்தும் பிடி விடலைன்னு எழுதியிருக்கார். அப்ப ஹோஸ் இல்ல, மாஸ்டர் இல்ல. பின் இல்ல, பிஸ்டன் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். பதில் சொல்லுங்க: பழைய உள் பேட் பிராக்கெட்லருந்து கையால வந்துச்சா, தட்டி எடுத்தீங்களா?

மார்ச் 8, மாலை 5:50

"ஸ்க்ரூ டிரைவர் வச்சு சுத்தியல்ல தட்டிதான் வந்துச்சு, புதுசையும் மெக்கானிக் தட்டிதான் உள்ள ஏத்தினார்."

இதுதாங்க. ஆரம்பத்துலயே இதைக் கேட்டிருக்கலாம், ஆனா பின்னையும் பிஸ்டனையும் தள்ளாம இங்க வந்து நிக்கறது நல்லதும் இல்ல. இனி யார் கேட்டாலும் இதுதான் என் முதல் கேள்வியா இருக்கும்.

பேட் தகட்டுக்கு ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அந்தக் காது பிராக்கெட்ல இருக்கிற பள்ளத்துல உக்காரும். பள்ளத்துக்கு மேல மெல்லிசா ஸ்டெயின்லெஸ் கிளிப் போட்டிருப்பாங்க, பேட் அதுமேல வழுக்கும். கிளிப் துருப்பிடிக்காது, ஆனா அதுக்கு அடியில இருக்கிற பிராக்கெட் வார்ப்பிரும்பு, அது பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடம் எடுக்கும். கிளிப்புக்கு அடியில துரு வளர வளர கிளிப் மேல எழும்பும், பள்ளம் குறுகும், பேட் காது இறுகும். வெளிலருந்து பாத்தா கிளிப் பளபளன்னு இருக்கும், அடியில செதில் செதிலா துரு உக்காந்திருக்கும். கடல் பக்கம், பனிக்கு ரோட்டுல உப்பு போடுற ஊர், வண்டி ரொம்ப நாள் ஈரத்துல நிக்கிற இடம், இங்கெல்லாம் இது சீக்கிரம் வரும். பிஸ்டன் பேடைத் தள்ளும், பேட் போகும், திரும்பாது. சீல் இழுக்கிறது பிஸ்டனை மட்டும்தான், பேடை இல்ல, பேட் தானா விலகணும்.

சுத்தியல் வச்சு ஏத்தின பேட் ஒருநாளும் தானா விலகாது. அந்த இறுக்கம்தான் உங்க உள் பேடைக் கொன்னது.

பண்ண வேண்டியது: பிராக்கெட்டைக் கழட்டி மேஜைக்குக் கொண்டு வாங்க. கிளிப் நாலையும் உரிச்சு எடுங்க, அடியில வயர் பிரஷ், அப்புறம் தட்டை அரம், பள்ளத்துல இரும்பு நிறம் தெரியற வரைக்கும். உலோகத்தை அறுக்காதீங்க, துருவை மட்டும். தூசியை காத்தடிச்சு ஊதாதீங்க, மூக்குக்குள்ள போகும், பிரேக் கிளீனர் போட்டு ஈரத்துணியில துடைங்க. புது கிளிப் மாட்டுங்க, பழசைத் திருப்பிப் போடாதீங்க. இப்ப பேடை வச்சுப் பாருங்க, ஒரு விரல்ல தள்ளினா நகரணும், அதுக்காக ஆடவும் கூடாது. சில பேட்ல காது மேல பெயின்ட் தடிப்பா இருக்கும், அதனாலயே இறுகும். அப்படின்னா காதுல இருக்கிற பெயின்ட்டை மட்டும் அரத்துல லேசா எடுங்க. காதுக்கும் கிளிப்புக்கும் நடுவுல பிரேக் கிரீஸ் மெல்லிசா ஒரு பூச்சு, மெட்டீரியல் பக்கம் ஒரு துளி படக் கூடாது.

மார்ச் 8, இரவு 7:05

உள் பேடையும் வெளி பேடையும் மாத்திப் போட்டுடாதீங்க, நிறைய செட்ல ரெண்டும் வேற வேற. தேய்மான எச்சரிக்கைத் தகடு, அதான் மெட்டீரியல் 2, 3 மி.மீக்கு வந்ததும் டிஸ்க்ல உரசிக் கீச்சிடறது, அது பெரும்பாலும் உள் பேட்லதான் இருக்கும். அதனால வெளி பேட் முதல்ல தேஞ்சா கீச்சு சத்தமே வராம நேரா இரும்புக்குப் போயிடும், வெளி பேட் தேயறவங்க காதை நம்பாம கண்ணால பாருங்க. சத்தம்னதும் ஞாபகம் வருது, 1902ல லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்கு பேட்டன்ட் வாங்கினப்ப செம்பு லைனிங்தான் போட்டுப் பாத்தார், அந்தக் கத்தலே அதுக்கு எதிரியாயிடுச்சு. இன்னைக்கு நாம அந்தக் கத்தலையே எச்சரிக்கையா வச்சிருக்கோம்.

மார்ச் 10, காலை 9:10

ஒரே பேட்ல ஒரு முனை தடிப்பு, ஒரு முனை மெல்லிசு, ஆப்பு மாதிரி சரிஞ்சு தேஞ்சிருக்குன்னு இன்னொருத்தர் படம் போட்டிருக்கார். டிஸ்க் சுத்திக்கிட்டு வந்து பேடுக்குள்ள நுழையற முனை கொஞ்சம் கூடுதலா தேயறது இயல்பு. உரசல் பேடை இழுத்துட்டுப் போகப் பாக்கும்போது நுழையற முனை டிஸ்க்ல இன்னும் அழுந்தும். நாலு, ஆறு பிஸ்டன் வச்ச காலிப்பர்கள்ல அதுக்காகவே நுழையற பக்கத்துக்குச் சின்ன பிஸ்டனும் வெளியேறுற பக்கத்துக்குப் பெரிய பிஸ்டனும் வைப்பாங்க.

ஆனா படத்துல இருக்கிறது அந்த அளவுச் சரிவு இல்ல. ஒரு பின் ஃப்ரீ, இன்னொரு பின் பிடிச்சிருக்கு. மேஜை டிராயரை ஒரு மூலையில மட்டும் பிடிச்சு இழுத்தா கோணிக்கிட்டு மாட்டும்ல, அதே கதை. காலிப்பர் கோணலா வந்து பேடை ஒரு ஓரமா அழுத்துது. எந்த முனை மெல்லிசோ அந்த முனைப் பக்கப் பின்னை மட்டும் பாத்து விட்டுடாதீங்க, ரெண்டையும் கழட்டுங்க. சரிவு டிஸ்க்கோட வெளி விளிம்புக்கும் மையத்துக்கும் நடுவுல இருந்தா டிஸ்க் ஓரத்துல துரு மேடு கட்டியிருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க, பேட் அந்த மேட்டுல ஏறி உக்காந்திருக்கும்.

மார்ச் 13, இரவு 8:40

பின் வீல் பேட் முன் வீலை விட சீக்கிரம் தேயுதுன்னு கேட்டதுக்கு: பழைய கார் ஓட்டிப் பழகினவங்களுக்கு இது நம்ப முடியாது, முன்னாடிதானே பாரம் வருதுன்னு கேப்பாங்க. பிரேக் போடும்போது பாரம் முன்னாடி வர்றது இன்னைக்கும் அப்படித்தான். ஆனா பழைய வண்டியில பின் வீல் லாக் ஆகக் கூடாதுன்னு ஒரு வால்வு வச்சுப் பின்னாடி அழுத்தத்தைக் குறைச்சே வச்சிருப்பாங்க. இப்ப ஏபிஎஸ்ஸோட வர்ற ஈபிடி, அதான் முன்னாடி பின்னாடி பிரேக் அழுத்தத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற எலக்ட்ரானிக்ஸ், ஒவ்வொரு வீலையும் பாத்துக்கிட்டே இருக்கு, லேசா மிதிக்கும்போது பின் வீலுக்கும் தாராளமா வேலை கொடுக்க முடியுது. வண்டி சறுக்காம பாத்துக்கற எலக்ட்ரானிக்ஸும் நமக்குத் தெரியாமலே பின் பிரேக்கைத் தொடும். பின் பேட் முதல்லயே மெல்லிசு வேற. அதனால பின்னாடி ரெண்டு பக்கமும் சமமா, சீக்கிரமா தேஞ்சா பயப்பட வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும்னா ஹேண்ட் பிரேக்கைப் பாருங்க. எங்க வீட்டு வண்டியில பின் வலது உள் பேட் அப்படித்தான் போச்சு. பின்னும் பிஸ்டனும் நல்லா இருந்துச்சு, ரெண்டு நாள் அதையே சுத்திச் சுத்தி வந்தேன். கடைசியில ஹேண்ட் பிரேக்கை இறக்கி விட்டுட்டு கீழ படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தா காலிப்பர்ல இருக்கிற லிவர், ஸ்டாப்பரைத் தொடாம ஒரு நூல் தள்ளி நிக்குது. இடது பக்க லிவர் ஸ்டாப்பர்ல அழுத்தமா உக்காந்திருக்கு. கேபிள் உறைக்குள்ள துரு, இழுத்தா வருது, விட்டா முழுசா போகலை. அந்த ஒரு நூல் இடைவெளிதான் பேடைத் தின்னது. கேபிள் மாத்தினதும் லிவர் டக்குனு போய் ஸ்டாப்பர்ல உக்காந்துச்சு.

பின் வீல் பிஸ்டனை கிளாம்ப் போட்டு அமுக்காதீங்க. ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளயே இருந்தா பிஸ்டனைத் திருகித்தான் உள்ள அனுப்பணும், பலவந்தமா அமுக்கினா உள்ள இருக்கிற மரை போயிடும். திருகி முடிச்சதும் பிஸ்டன் முகத்துல இருக்கிற வெட்டு, பேட் முதுகுல இருக்கிற முளைக்கு நேரா வந்து நிக்கணும், இல்லைன்னா பேட் சாஞ்சு உக்காந்து ஆப்பு மாதிரி தேயும். பட்டன் அமுக்குற எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்னா முதல்ல சர்வீஸ் மோடுக்குக் கொண்டு போகாம தொடவே தொடாதீங்க.

மார்ச் 14, காலை 7:00

எலக்ட்ரிக் கார், ஹைப்ரிட் ஓட்டறவங்களுக்கு ஒரு வரி: மோட்டாரே வேகத்தைக் குறைச்சுடறதால பேட் அவ்வளவாத் தேயாது, ஆனா வேலையில்லாம கிடந்தே பின்னும் கிளிப்பும் துருப்பிடிக்கும். பேட் புதுசு மாதிரி இருக்கேன்னு விடாம வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டி நகருதான்னு பாருங்க.

மார்ச் 29, மாலை 6:30

கேள்வி கேட்டவர் பிராக்கெட் படம் அனுப்பியிருக்கார், கிளிப்புக்கு அடியில மேல் பள்ளத்துல மட்டும் துரு விரல் நகம் தடிப்புக்கு இருந்திருக்கு. சுத்தம் பண்ணி, புது கிளிப், புது பேட் ரெண்டு பக்கமும். ஓட்டிட்டு வந்து வெப்பமானியில பாத்தா இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்காம். ரொம்ப சந்தோஷம்.

அந்த வெப்பமானி பாக்குற முறை பத்தி: நல்ல நீளமான நேர் ரோட்டுல பிரேக்கை அதிகம் தொடாம ஓட்டிட்டு, கடைசியில வேகம் தானா குறைய விட்டு நிறுத்தி உடனே பாருங்க. நிறைய பிரேக் அடிச்சிட்டு வந்து பாத்தா எல்லா வீலும் சூடாத்தான் இருக்கும், பிடிக்கிற வீல் தனியாத் தெரியாது. பளபளப்பான டிஸ்க் முகத்துல அகச்சிவப்பு வெப்பமானி குறைச்சலாக் காட்டும், அதனால காட்டுற எண்ணை அப்படியே எடுத்துக்காம, ரெண்டு பக்கமும் அதே இடத்துல பிடிச்சு வித்தியாசத்தை மட்டும் பாருங்க.

மார்ச் 30, காலை 8:25

டிஸ்க்கை மாத்தணுமான்னு கடைசியா கேட்டிருக்கார். தகடு உரசினதுல உள் முகத்துல கோடு விழுந்திருக்கும். குறைஞ்சபட்ச தடிமன் டிஸ்க்லயே, நடு மேட்டுலயோ ஓரத்துலயோ, பொறிச்சிருப்பாங்க. மைக்ரோமீட்டர் வச்சு உரசுற பரப்புல நாலஞ்சு இடத்துல அளங்க. சாதாரண வெர்னியர் ஓரத்து மேட்டுல உக்காந்துக்கிட்டு தடிமனைக் கூட்டிக் காட்டும். ஓரிடத்துல குறைஞ்சபட்சத்துக்குக் கீழ போனாலும் மாத்திடுங்க, மாத்தினா இடது வலது ரெண்டும் சேர்த்து. தடிமன் குறைஞ்சபட்சத்துக்கு மேலயும், கோடு ஆழமாவும் இருந்தா கடைசல் போட்ட பிறகும் அந்த அளவுக்கு மேல நிக்குமான்னு கணக்குப் பண்ணிட்டுக் கடைசலுக்குக் கொடுங்க. நகத்துல சிக்காத கோடுன்னா அப்படியே ஓட்டலாம், புது பேட் அதுல போய்ப் படிஞ்சுக்கும்.